பிரான்சிஸ் விட்ட பம்பரம்

வெங்கடாசலம் பெட்டியைப் பிரித்து எடுத்துக் கொடுத்த புது வீடியோ கேம் பேட், பிரான்சிஸின் கையில் கனமே இல்லாமல் இருந்தது.

"கடைசி மேட்ச்சுப்பா. பழசுல ஆடிட்டு அப்பறம் பேடு சரியில்லன்னு யாரும் பேஜாரு பண்ணக்கூடாது. ஜல்தி ஆரம்பிங்க, கரண்ட் போயிடும்" என்றார். கேம் கடை அவருடையது.

பிரான்சிஸ் ஜெயித்தால் பழைய சண்டை ஆட்டம் கடையில் இருக்கும். தோற்றால் அதைக் கழற்றிவிட்டுப் புது ஆட்டம். இதுதான் பேச்சு.

திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டு மேல் இருந்த அந்த ஒற்றை அறைக் கடையில் ஒரு மாதமாக இதே ரகளைதான். டி.வி.க்குள்ளே அடித்துக்கொண்டதைவிட வெளியே அடித்துக்கொண்டதுதான் அதிகம்.

புது ஆட்டத்தில் ஒரே ஒரு பட்டன். அமுக்கினால் பெரிய அடி தானாக விழும். விழுப்புரத்தில் போட்டி நடத்துகிறவர்கள்கூட அதற்கு மாறிவிட்டார்கள்.

பிரான்சிஸுக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். எவன் வேண்டுமானாலும் அமுக்கலாம் என்றால் அதற்குப் பெயர் ஆட்டமா, காலிங் பெல்லா?

பழைய ஆட்டத்தில் பம்பரம் என்று ஓர் அடி உண்டு. பெயர் கடைப் பையன்கள் வைத்தது. கட்டைவிரலால் பேடின் கீழ் பட்டனை அமுக்கி, அப்படியே வளைத்து முன்னுக்குக் கொண்டுவந்து, அதே வேகத்தில் உதை. ஆள் சுழன்றுகொண்டே போய் எதிரியைச் சுவரோடு சாத்துவான்.

வந்தவர்கள் அத்தனை பேரும் முயன்று பார்த்து, கெட்ட வார்த்தையில் திட்டி, விட்டுவிட்டார்கள். கைகூடியது பிரான்சிஸ் ஒருவனுக்குத்தான்.

அதுவும் சும்மா வந்துவிடவில்லை. பெருமுக்கல்லில் பஸ் ஏறினால் திண்டிவனம் வரும்வரை முன் சீட்டுக் கம்பியில் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டே வருவான். நகத்தைச் சாய்த்து, முழு பலத்தோடு ஊன்றி, கடைசியில் ஒரு தரம் கூடுதலாக உரசினால்தான் பம்பரம் விழும் என்பதை அவனாகவேதான் கண்டுபிடித்தான். அதற்குள் விரல் காய்த்துப்போனது.

பாலிடெக்னிக்கில் அரியர் நின்றுவிட்டது. கொரியர் வேலையும் தங்கவில்லை. அவனைப் பற்றி யாராவது கேட்டால் அம்மா அமலா பேச்சை மாற்றிவிடுவாள்.

ஆனால் இந்த அறைக்குள் நுழைந்தால் பையன்கள் எழுந்து ஸ்டூல் கொடுத்தார்கள். அந்த ஸ்டூலை விட்டால் அவனுக்கு வேறு ஒன்றும் கிடையாது. அது அவனுக்கே நன்றாகத் தெரியும்.

எதிர்த்து ஆடத் தரையில் உட்கார்ந்திருந்தவள் சங்கவி. விழுப்புரத்தில் காலேஜ் படிக்கிற பெண். புது ஆட்டத்தின் கட்சி. 'கஷ்டம் கஷ்டம்னு சொல்லியே வர்றவங்கள எல்லாம் தொரத்திடுறீங்கண்ணா' என்று அவனோடு மல்லுக்கு நின்றவள். பழைய ஆட்டத்தை அவள் தொடுவதே இன்றுதான். அதனால்தான் பந்தயம் என்றதும் பிரான்சிஸ் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு தலையாட்டினான்.

டி.வி.யில் மணி அடித்தது. பிரான்சிஸ் நகத்தைச் சாய்த்து, ஊன்றி, உரசினான்.

ஆள் சுழலவில்லை. நின்ற இடத்திலேயே அசடு மாதிரி ஒரு குதி குதித்தான்.

மறுபடி ஊன்றினான். மறுபடியும் குதி.

பின்னால் பையன்கள் சிரித்தார்கள். அண்ணன் வேண்டுமென்றே விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். முதல் சுற்று போனபோதும் அப்படியேதான் நினைத்தார்கள்.

பிரான்சிஸ் பேடை இன்னும் இறுக்கிப் பிடித்தான். லேசாகத் தொட்டுப் பாரேன் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. விரல் கேட்டால்தானே? அதற்குத் தெரிந்தது ஊன்றுவதும் உரசுவதும்தான்.

இரண்டாவது சுற்றின் நடுவில் சங்கவி, இத்தனை நாள் அவன் வாய் ஓயாமல் சொல்லிக் கேட்டதை நினைவுபடுத்திக்கொண்டு, கீழே தொட்டாள், வளைத்தாள், உதைத்தாள்.

பம்பரம் சுழன்றது. பிரான்சிஸின் ஆள் சுவரில் போய் ஒட்டினான்.

சங்கவியே பயந்துபோனாள். தெரியாமல் விழுந்துவிட்டதோ என்று இன்னொரு தரம் செய்து பார்த்தாள். சுழன்றது. இன்னொரு தரம். ஆட்டம் முடிந்தது.

"இவ்ளோதானாண்ணா?" என்றாள்.

அவள் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருக்கலாம்.

வெங்கடாசலம் அதற்குள் பழைய பேட் இரண்டையும் ஒயரோடு சுருட்டி அட்டைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தார். பிரான்சிஸ் அந்தப் பெட்டியையே பார்த்தான்.

"அண்ணே, அந்தப் பேடு ரெண்டும்..."

"அதுவா? எடுத்தாரும்போதே கீழ் பட்டன் மக்கர்தாம்பா. உள்ள ரப்பர் செத்துப்போச்சு, ஊனி அமுக்குனாத்தான் புடிக்கும். எவனோ தூக்கிப் போட வெச்சிருந்தான், நான் கேட்டு வாங்கியாந்தேன்."

பிரான்சிஸ் எழுந்தான். அவன் முழுசாக நிமிர்வதற்குள் ஒரு பையன் அந்த ஸ்டூலைச் சங்கவி பக்கம் நகர்த்திப் போட்டான்.

"ஏண்ணே சொல்லல?"

"நீதான் சூப்பரா ஆடிக்கினு இருந்தியே" என்றார் வெங்கடாசலம். மனசாரத்தான் சொன்னார்.