பிரேக் பேடின் பொட்டு

பரமானந்தம் காரை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, முன்சக்கரத்தைக் கழற்றி வைத்திருந்தார். தேய்ந்த பிரேக்கை எடுத்துவிட்டு, சக்கரத்தோடு சுழலும் புது டிஸ்க்கையும், அதை இறுக்கிப் பிடித்து நிறுத்தும் புது பேடையும் வீட்டிலேயே மாட்டப் போகிறார். எந்தப் புதுச் சாமானையும் குங்குமம் வைக்காமல் அவர் மாட்டியதில்லை. எண்ணெயில் குழைத்து, பேடின் முகம் நிறையப் பொட்டு வைத்தார். டிஸ்க்கில் வைத்தது ஒட்டாமல் வழிந்தது.

பேடுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. ஆனாலும் யாரையும் சட்டென்று நம்பாத ஜென்மம் அது.

"பொட்டுகூட ஒட்டலையே உன் மேல. ஏன் இப்படிப் பிசுபிசுங்குது உடம்பு?" என்று டிஸ்க்கைக் கேட்டது.

"துருப்பிடிக்காம இருக்கத் தடவின எண்ணெய். துடைச்சிட்டுத்தான் மாட்டுவாரு."

"எண்ணெய் பூசுனவன் நழுவத்தான் பார்ப்பான்."

பரமானந்தம் டிஸ்க்கைத் துணியால் அழுத்தித் துடைத்தார்.

"அந்த ஓரம் துடைச்சாரா?" என்று ஜாக்கியிடம் கேட்டது பேட்.

"துடைச்சாரே. சுத்தமா இருக்கு."

"ஓ, நீயும் அவன் கட்சியா?"

எல்லாம் மாட்டி முடிந்தது. வண்டியைச் சரிவில் மெல்ல இறக்கி, பரமானந்தம் பிரேக்கை மிதித்தார். பேட் டிஸ்க்கை இறுக்கிப் பிடித்தது. பிடி வழுக்கியது. வண்டி வாசல் கேட்டில் இடித்துத்தான் நின்றது.

பேட் பதறிப்போய் டிஸ்க்கை உற்றுப் பார்த்தது. அதன் உடம்பைச் சுற்றிலும் சிவப்பாக எண்ணெய் இழுகியிருந்தது.

"பார்த்தியா! நான் அப்பவே சொன்னேன்ல?"