பால்கனிக்கு வார்னிஷ்

மூன்றாம் மாடி பால்கனியின் மரக் கைப்பிடியில், இடது மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார் பெயின்டர். விரல் ரொட்டிக்குள் போவதுபோல் இறங்கியது.

"நல்ல மரம்னா வார்னிஷ் வெயில் மழையிலேருந்து காப்பாத்தும்மா. இது இத்துப்போன மரம். இதுமேல அடிச்சா ஈரத்தை உள்ளயே வச்சுப் பூட்டின மாதிரி. பார்க்கப் புதுசா இருக்கும், ஆள் சாஞ்சா தாங்காது. கட்டையை மாத்திடலாம்."

"வேண்டாம், அப்படியே அடிங்க" என்றாள் வீட்டுக்காரி.

"யாராவது சாஞ்சுட்டா?"

"அந்த மூலையில அவர் மட்டும்தான் நிப்பார். சிகரெட் பிடிக்க."

பெயின்டர் பிரஷ்ஷை டப்பாவில் தோய்த்தார். பூசவில்லை.

அவள் ஈரத் துண்டோடு வலது மூலைக்குப் போனாள். கொடி அங்கேதான் கட்டியிருந்தது. அந்தப் பக்கக் கைப்பிடி கண்ணாடியாய் மின்னியது.

"இங்க நேத்தே முடிச்சிட்டீங்களா?" என்றபடி, கொடியை எட்டுவதற்காகக் கைப்பிடிமேல் சாயப் போனாள்.

"அதுல சாயாதீங்கம்மா."

"ஏன், இன்னும் காயலையா?"

"காஞ்சிடுச்சு." பெயின்டர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "நேத்து ஐயா பக்கத்துலயே நின்னு அடிக்க வச்சாரு. உங்ககிட்ட சொன்னதையேதான் அவர்கிட்டயும் சொன்னேன். 'அந்த மூலையில அவ மட்டும்தான் நிப்பா, துணி காயப்போட'ன்னாரு."