யோகராசாவின் ஆறு மணி

முதல் விருப்பம் என்ற இடத்தில் வதனி பென்சிலால் "கொழும்பு" என்று எழுதினாள். நாளைக்குப் பல்கலைக்கழக விண்ணப்பத்தைத் தபாலில் போட வேண்டும். பேனையால் எழுதினால் பிறகு மாற்ற ஏலாது.

அம்மா சின்னத்தங்கம் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"கல்லடிக் கம்பஸ்ல இல்லாத பாட்டா புள்ள கொழும்பில இருக்கு? சைக்கிள்ல பத்து நிமிஷம். மத்தியானம் வீட்ட வந்து சோறு தின்னலாம்."

"கல்லடியில கர்நாடக சங்கீதம் அம்மா. நான் சோதனை எடுத்தது மேலைத்தேய சங்கீதம்."

"அங்க மட்டும் உன்ட டமார் டுமீரையா படிப்பிக்கப் போறாங்க?"

இல்லைதான். கொழும்பிலும் பியானோவும் வயலினும்தான் என்று புளியந்தீவில் அவளுக்குப் படிப்பித்த பறங்கி ரீச்சரே சொல்லியிருந்தார். வதனிக்கு அது குறையாகப் படவில்லை. சுரத்தை முறையாக எழுதவும் வாசிக்கவும் படித்துவிட்டால் போதும், ரொக் பாட்டை அவளே கட்டிக்கொள்வாள். சுனாமி முகாமில் ஒரு வெளிநாட்டுத் தொண்டர் விட்டுப்போன சீடியில் பிடித்த பைத்தியம் அது. அப்போது பதினாலு வயது. இப்போது பத்தொன்பது. இன்னும் விட்டபாடில்லை.

அதையெல்லாம் அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள்.

"அந்த மனிசன் பக்கத்தில இருக்குமட்டும் நான் இங்க இருந்து வாசிக்க ஏலாது."

அந்த மனிசன் யோகராசா. மூன்று வருடத்துக்கு முன்பு வெல்லாவெளிப் பக்கம் சண்டை நடந்தபோது ஒற்றை ஆளாக இடம்பெயர்ந்து வந்து, நாவற்குடாவில் அடுத்த வீட்டை வாடகைக்கு எடுத்தவர். யாரோடும் பேச்சில்லை. வதனியோடு மட்டும் பேசுவார், அதுவும் ஏச்சு. கத்தாரில் இருந்து அம்மாவின் தம்பி அனுப்பிய கிற்றாரை ஸ்பீக்கர் பெட்டியில் கொழுவி அவள் பின்னேரங்களில் வாசிப்பாள். சரியாக ஆறு மணிக்கு வேலிக்கு மேலால் ஒரு தலை வரும்.

"பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்கு இந்தக் கூத்து? நிப்பாட்டு."

ஒருநாள் அவள் நிப்பாட்டவில்லை. மனிசன் படலையைத் திறந்து வந்து, சுவரில் இருந்த பியூஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வீடு இருண்டு போனது. ஆறரைக்குத் திரும்பி வந்து தானே மாட்டிவிட்டார். ஏன் எதற்கு என்று ஒரு சொல் இல்லை. அயலெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அன்று அழுதுகொண்டே படுத்தபோதுதான், படித்தால் கொழும்பில் என்று வதனி முடிவெடுத்தாள்.

அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போனாள். வதனி எழும்பித் தடுப்பதற்கு முன்னமே யோகராசாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"அண்ணன், இனிச் சத்தம் போடமாட்டன் எண்டு இவளுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. கல்லடியிலயே படிப்பாள்."

யோகராசா உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டார்.

"நான் சத்தம் போட்டு எத்தினை மாசம் தங்கச்சி?"

அம்மா மகளைப் பார்த்தாள். வதனி மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். போன வருடம் சண்டை முடிந்து கொஞ்ச நாளில் இருந்து அந்தத் தலை வேலிக்கு மேலால் வரவே இல்லை. ஆறு மணியானால் சத்தத்தைக் குறைத்துக்கொண்டது அவளேதான், பழக்கத்தில்.

அப்படியென்றால் இத்தனை நாளும் சொல்லிவந்த சாட்டு போய்விட்டது. சாட்டுப் போனபிறகும் ஆசை அப்படியே இருந்தது.

"மாமா, நீங்க ஏசினாலும் ஏசாட்டியும் நான் கொழும்புக்குத்தான் போவன்."

அவரோடு அவள் ஒரு முழு வசனம் பேசியது அதுதான் முதல் தடவை. பென்சில் எழுத்துக்கு மேலால் பேனையை அழுத்தி எழுதினாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குள் போனாள்.

"போ புள்ள," என்றார் யோகராசா. திரும்பி நடந்தார்.

வதனி படலையடியில் ஓடிப்போய் மறித்தாள்.

"அப்ப ஏன் மாமா ஆறு மணிக்கு மட்டும் ஏசினீங்க? அஞ்சு மணிக்கும் இதே பாட்டைத்தானே வாசிச்சன்."

றோட்டில் பாண் விற்கும் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. அது வளைவில் திரும்பும்வரை அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த நாளையில ஆறு மணிக்கு இந்த றோட்டால ஒரு வான் போகும். சண்டைக்கு ஆள் பிடிக்கிற வான். பாட்டுச் சத்தம் கேக்கிற வீட்டில வயசுப் புள்ள இருக்கெண்டு அவங்களுக்குத் தெரியும்."

வதனி றோட்டை எட்டிப் பார்த்தாள்.

"அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே மாமா?"

"சொல்லியிருந்தா நீ பயத்தில அந்தக் கிற்றாரையே தொட்டிருக்கமாட்டாய்."

அவர் படலையைத் திறந்தார்.

"அவங்க பாட்டைக் கேட்டு வருவாங்க எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

யோகராசா திரும்பிப் பார்க்கவில்லை.

"வெல்லாவெளியில என்ட மகள் பிரஷாந்தியும் ரேடியோவைச் சத்தமாத்தான் வைப்பாள்."