ஈரச் சுவர்

"உனக்கு மழை பிடிக்குமா, வெயில் பிடிக்குமா?"

கல்யாணத்துக்கு முன்னால் அவன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். அவள் வேலை பார்த்த துணிக்கடைக்குப் பெயிண்ட் அடிக்க வந்திருந்தான். ஏணி உச்சியில் நின்றுகொண்டு கேட்டான்.

அவள் தரையைப் பார்த்தபடி மழை என்றாள்.

பெயிண்டரிடம் போய்ச் சொல்கிற பதிலா இது, என் பிழைப்பில் மண்ணள்ளிப் போடவா பார்க்கிறாய் என்று அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

இன்று விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது.

மேஸ்திரி போன் செய்தார். சுவர் ஈரமாக இருந்தால் அதன்மேல் கை வைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. கட்டடத்துக்காரரே வந்து கெஞ்சினாலும் மசிய மாட்டார். ஆனால் மழை விட்டதும் அவனைக் கூட்டிப்போக வந்துவிடுவாராம். சுவர் காய்வதற்குள் சாரம் கட்டி முடித்துவிடலாமாம்.

அவன் சரி என்று போனை வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்தான். பின்னறைக்கு மேல் மொட்டைமாடி, முன்னறைக்குத் தகரக் கூரை. அதில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது.

வேலை நடக்கும் கட்டடம் ஊரின் மறுகோடியில் இருந்தது. பிள்ளைகள் எழுவதற்குள் போனால், அவர்கள் தூங்கிய பிறகுதான் வருவான். போன வாரம் ஒருநாள் கொஞ்சம் முன்னதாக வந்துவிட்டான். சின்னவள் அம்மாவின் முழங்காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, இந்த மாமா எப்போது போவார் என்று கேட்டாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும்தான். அன்றைக்கு அவன் தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது. அவள் அந்தத் தட்டைப் பார்த்தாள்.

இன்று பெரியவனுக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவின் புது பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஒரு குவளையில் தண்ணீர். மகன் சொன்னபடி அவன் சட்டையைக் கழற்றிவிட்டுப் பாயில் குப்புறப் படுத்தான். அப்பாதான் சுவர். சுவர் பேசக் கூடாது, அசையக் கூடாது, முக்கியமாகச் சிரிக்கக் கூடாது.

முதுகில் பிரஷ் பட்டதும் சுவர் புழுவாய் நெளிந்தது.

"என்ன சுவருய்யா இது, மேஸ்திரி வந்தா என் தலையில இல்ல விடியும்!" என்று பெரியவன் அதட்டினான். தோள்பட்டைப் பக்கம் விட்டுப்போயிருக்கிறது, இரண்டாவது கோட் வேண்டும் என்று தனக்குத்தானே உத்தரவும் போட்டுக்கொண்டான்.

சின்னவள் கதவோரத்திலேயே நின்றாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

அம்மா அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் ஓடிவிடுவாள் என்று தெரியும். வெங்காயம் உரிப்பதுபோல உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். உரித்த வெங்காயத்தையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தாள்.

சின்னவள் மெல்ல வந்தாள். பிரஷ்ஷை வாங்கவில்லை. குவளைக்குள் உள்ளங்கையை விட்டு எடுத்துச் சுவரின் நடுவில் பட்டென்று அப்பினாள்.

சுவர் மூச்சுக்கூட விடவில்லை.

அப்புறம் கேட்கவா வேண்டும். கையால் பூசினாள், காலால் பூசினாள், ஏறி உட்கார்ந்து பூசினாள். பூசிப் பூசிக் களைத்துப்போய், ஈர முதுகில் கன்னத்தை வைத்து அப்படியே தூங்கிவிட்டாள். பெரியவனும் ஓரமாய்ச் சுருண்டான். சுவரும் கண்ணயர்ந்தது.

தகரத்தில் சத்தம் கொஞ்சம் தளர்ந்தாற்போல இருந்தது.

மொட்டைமாடியில் தண்ணீர் ஓடுகிறதா, தழை ஏதாவது அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவதாக, தூங்குகிறவர்களிடம் முணுமுணுத்துவிட்டு அவள் பின்பக்கப் படி ஏறினாள்.

கீழே சத்தம் மறுபடி சீராகக் கேட்டது. அவன் ஒருமுறை கண்ணைத் திறந்தான். இன்னும் விடவில்லை போலிருக்கிறது என்று சின்னவளின் காலைப் பிடித்துக்கொண்டு திரும்பக் கண்ணை மூடினான்.

வெகுநேரம் கழித்துத் தெருவில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

மேஸ்திரியின் சட்டையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே இறங்கினார். தெரு முழுக்க வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

வாசலுக்கு வந்தவர் அப்படியே நின்றார். இந்த வீட்டுத் தகரத்தில் மட்டும் மழை பெய்துகொண்டிருந்தது.

அண்ணாந்து பார்த்தார்.

மொட்டைமாடி விளிம்பில் அவள் நின்றிருந்தாள். கையில் செடிக்கு ஊற்றுகிற பூவாளி. பக்கத்தில் மழைத்தண்ணீர் பிடித்த டிரம், பாதிக்கு மேல் காலி. புடவை தொப்பலாக நனைந்திருந்தது.

அவரிடம் அவள் ஒருநாளும் முகம் கொடுத்துப் பேசியதில்லை. நிறுத்தினால் சத்தம் நின்றுவிடும். சத்தம் நின்றால் அவன் எழுந்துவிடுவான். கை மாற்றி மாற்றி அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

மேஸ்திரி ஜன்னல் பக்கம் போய் உள்ளே எட்டிப் பார்த்தார்.

பாயில் அவன் குப்புறக் கிடந்தான். முதுகில் அப்பிக்கொண்டு ஒன்று, இடுப்பை அணைத்துக்கொண்டு ஒன்று. முதுகு இன்னும் காயவில்லை.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்யாமல், தெருமுனைவரை தள்ளிக்கொண்டே போனார்.