கேட்டார்

பௌரிங்பேட்டை ரயிலில் வந்திறங்கிய விசாரணை அதிகாரி கேள்வியை முடித்ததும், வெள்ளைக்காரரான கேப்டன் துரை எழுந்து நின்றார்.

அந்தத் தங்கச் சுரங்கத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். முன்பு பட்டாளத்தில் இருந்தவர். பதில் சொல்வதற்கும் அணிவகுப்பில் நிற்பதுபோலத்தான் நின்றார்.

தீப்பிடித்த அன்று, ஆட்கள் கீழே இறங்கும் குழியான ஷாஃப்ட்டின் வாயை மூடச் சொன்னவர் அவர். பலகை போட்டுக் களிமண் பூசினார்கள். காற்றில்லாவிட்டால் தீ தானாகச் செத்துப்போகும். மூடாமல் விட்டிருந்தால் பக்கத்து ஷாஃப்ட்டுக்குத் தாவியிருக்கும். அங்கே இன்னும் நிறைய ஆட்கள். அதை யாரும் மறுக்கவில்லை.

மூடும்போது உள்ளே இருந்தவர்கள் உயிரோடு இருந்தார்களா?

அது ஒன்றுதான் கேள்வி.

உள்ளே சிக்கியவர்களின் வீட்டுப் பெண்கள் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் மரியகுழந்தையை ஒட்டி, வயிற்றைத் தாங்கிக்கொண்டு பியாட்ரிஸ். அவள் கணவன் ஜெயகரன் அந்த ஷிப்டில் இறங்கியவன்.

அன்று புகையைக் கண்டதும் மாமியார் மட்டும்தான் ஓடினாள். நிறைமாதக்காரி வரக்கூடாது என்று இவளை வீட்டிலேயே நிறுத்திவிட்டாள்.

திரும்பி வந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"பொகையில மயங்கி, தூக்கத்துலயே பூட்டான்மா."

அதன்பிறகு ஒவ்வொரு வேளையும் அதையே சொல்லித்தான் சோற்றைப் பிசைந்து இவள் முன்னால் வைத்தாள். தானும் ஒரு வாய் தின்றாள். அந்த நம்பிக்கையில்தான் அத்தை நடமாடுகிறாள் என்று பியாட்ரிஸ் நினைத்திருந்தாள்.

துரை இங்கிலீஷில் சொன்னார். கீழே இருப்பவர்கள் கம்பியை இழுத்தால் மேலே கொட்டகையில் மணி அடிக்கும். அந்த மணி அடித்தது தன் காதில் விழுந்தது என்றார். விழுந்த பிறகுதான் மூட உத்தரவிட்டேன் என்றார்.

குரல் நடுங்கவில்லை.

குமாஸ்தா அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

தமிழில் மாற்றிச் சொல்லும் துபாஷி கொர்னேலியஸ் பெண்கள் பக்கம் திரும்பினார். மிஷன் பள்ளி வாத்தியார். பொய் சொல்லத் தெரியாதவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தொரை கேட்டாராம். கேட்டுட்டுத்தான் மூடச் சொன்னாராம்."

மணி என்ற சொல் அவர் வாயில் வரவேயில்லை.

இங்கிலீஷில் காதால் கேட்பதற்கு ஒரு சொல், வாயால் கேட்பதற்கு வேறொரு சொல். தமிழில் இரண்டுக்கும் ஒன்றுதான்.

பெண்களிடமிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. துரை குரல் கொடுத்துப் பார்த்திருக்கிறார். உள்ளிருந்து பதில் இல்லை. அப்படியென்றால் எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்கிறது.

அண்ணனைப் பறிகொடுத்த ரத்தினம்மா மட்டும் விடவில்லை. "இங்கிலீசுல கேட்டிருப்பாரு. எங்கண்ணனுக்கு இன்னா புரியும், பதிலு சொல்ல?"

யாரோ ஒருத்தி சிரித்தாள். சிரித்தவளே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பிறகு எல்லோரும் பியாட்ரிஸைப் பார்த்தார்கள். கன்னியர் மடத்தில் இங்கிலீஷ் படித்தவள் அவர்களில் அவள் ஒருத்திதான்.

"நீ சொல்லும்மா," என்றாள் மரியகுழந்தை. "தொபாசி சொன்னது சரிதானா?"

வயிற்றுக்குள் குழந்தை புரண்டது. கொர்னேலியஸ் கண்ணாடியை மாட்டிக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"சரிதான் அத்தை. கேட்டாராம். பதிலே வரலியாம்."

மரியகுழந்தை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த சாட்சியின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் முந்தானையால் மருமகளின் கன்னத்தைத் துடைத்தாள். யாருக்கும் எட்டாதபடி காதோடு குனிந்தாள்.

"நானும் கேட்டேம்மா. மணிக் கொட்டா பின்னாலதான் நின்னுக்கினு இருந்தேன். பூசி முடிக்கிற வரைக்கும் அடிச்சிக்கினேதான் இருந்துது."