அறுநூற்றுப் பன்னிரண்டு பேர்

“கரோலின், கதவைத் திற பிள்ளை. உன்ர வீடியோவைப் பற்றிக் கதைக்கோணும்.”

மேல்வீட்டுக் குலசிங்கத்தின் குரல். கரோலின் மடிக்கணினியைப் பாதி மூடினாள்.

மோர்னிங்சைட்டில் குலசிங்கம் வீட்டு நிலவறையான இந்தப் பேஸ்மென்றுக்கு அவள் வாடகைக்கு வந்து நாலு வருடம். மிசிசாகாவில் கோல் சென்ரர் வேலை என்று அவருக்குச் சொல்லிவைத்திருந்தாள். உண்மையில் இந்த அறையிலேயே, கமராவுக்கு முன்னால் உடுப்பைக் கழற்றுவதுதான் வேலை. வயது முப்பத்துமூன்று. ஒருவரும் கட்டாயப்படுத்தவில்லை. அவளுடைய இணையப் பக்கத்துக்கு நாற்பதாயிரம் பேர் வந்துபோனார்கள். அதில் ஒரு தமிழ்ப் பெயர்கூட இல்லை என்பதைத் தினமும் பார்த்துக்கொள்வாள்.

கதவைத் திறந்தாள். குலசிங்கம் சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். டவுன்டவுனில் ஊர்ப் போரை நிறுத்தச் சொல்லி நடக்கிற ஆர்ப்பாட்டத்தில் கத்திக் கத்தித் தொண்டை அடைத்திருந்தது.

“எந்த வீடியோ அண்ணை?”

“றொய்சன்ர வீடியோதான். எங்கட மகள் பேபி லிங்கை அனுப்பினவள். கடைசியில அவன்ர முகம் வருதெல்லே? ஃபோட்டோவில காட்டியிருக்கிறாய், உன்ர தம்பி எண்டு கண்டிட்டம்.”

“அந்தப் பக்கத்தில வேற படங்களும் இருக்கே…”

“நான் ஒண்டும் பார்க்கேல்லை. கோயில் கலண்டரால ஓரத்தை மறைச்சுக்கொண்டுதான் பார்த்தனான்.” அவர் சுவரைப் பார்த்தார். “ரெண்டு கலண்டர் தேவைப்பட்டுது.”

கரோலினுக்குச் சிரிப்பு வரவில்லை. “வீட்டை எப்ப விடோணும்?”

“ஆர் உன்னை விடச் சொன்னது? இப்ப அந்த வீடியோவைக் காணேல்லை. அதைக் கேக்கத்தான் வந்தனான்.”

அது 2009 மே மாதம். றொய்சன் முள்ளிவாய்க்காலில், ஆஸ்பத்திரி என்று சொல்லப்பட்ட ஒரு கூடாரத்தில் காயக்காரரைத் தூக்கிக்கொண்டிருந்தான். முந்தாநாள் நாற்பது விநாடிப் படம் ஒன்றை எப்படியோ அனுப்பினான். தரையில் வரிசையாக ஆட்கள். உடம்பில் துணி இல்லை. கடைசியில் கமராவைத் தன் பக்கம் திருப்பி, “அக்கா, இதை நாலு பேருக்குக் காட்டு” என்றான். அதன்பிறகு தொடர்பு இல்லை.

முதலில் இரண்டு பொது இணையத்தளங்களில் போட்டாள். பதினொரு பேர் பார்த்தார்கள். ஆட்கள் கூடுகிற இடம் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தன் பக்கத்தில் போட்டாள். இரண்டு மணி நேரத்தில் தூக்கிவிட்டார்கள்.

மடிக்கணினியைத் திறந்து அவருக்குக் காட்டினாள். “ஆபாசமாம். அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் முறைப்பாடு குடுத்திருக்கினம். பன்னிரண்டு மணிக்கிடையில மேன்முறையீடு செய்யலாம், ஒருக்காத்தான். திரும்பவும் முறைப்பாடு வந்து தூக்கினா, பக்கத்தையே பூட்டிப்போடுவாங்கள். பிறகு கேக்க ஏலாது.”

“அறுநூறு பேரோ!” குலசிங்கத்தின் முகம் கறுத்தது. “ஆரின்ர வேலை உது? சனம் சாகிறதைப் பார்த்து முறைப்பாடு குடுக்கிறவன் மனிசனோ? கையில கிடைச்சா முறிச்சு விடுவன்.”

“ஆரெண்டு தெரியாது அண்ணை. அதுதான் பயமாக் கிடக்கு.”

“பயப்படாதை. எழுது. உலகத்துக்கு ரிப்போர்ட் போனாத்தான் ஏதும் நடக்கும்.”

மேன்முறையீடு அவளுக்குப் புதிதில்லை. அளவுக்கு மிஞ்சிக் காட்டினாய் என்று அவளுடைய படங்களை மாதத்துக்கு ஒன்றாவது தூக்குவார்கள். ‘படத்தில் இருப்பது நான். என் சம்மதத்தோடு எடுத்தது.’ இரண்டு வரி போதும், திரும்பி வந்துவிடும். இன்று அந்தப் படிவத்தின் முதல் கேள்வியிலேயே அரை மணி நேரமாக நின்றாள்.

“என்னவாம் கேக்கிறாங்கள்?”

“இதில தோன்றுகிற எல்லாரும் சம்மதிச்சவையோ எண்டு.”

குலசிங்கம் திரைக்குக் கிட்டக் குனிந்தார். “கேட்டுச் சொல்லுறம் எண்டு எழுது” என்றார்.

கரோலின் தட்டத் தொடங்கினாள். ‘இவர்கள் தாங்களாக உடுப்பைக் கழற்றவில்லை. குண்டு கழற்றியது. நான் நானாகவே கழற்றுகிறவள். எனக்கு வித்தியாசம் தெரியும். உங்களுக்கும் தெரியும் என்று நம்புகிறேன்.’

அனுப்பினாள். மணி பதினொன்றே கால்.

குலசிங்கம் சப்பாத்தோடு கட்டில் நுனியில் குந்தினார். அவள் நகத்தைக் கடித்தாள். ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் பக்கத்தைப் புதுப்பித்தாள். பதினொன்றரை. பதினொன்றே முக்கால். மேலே எங்கோ தொலைபேசி அடித்து ஓய்ந்தது.

“வேண்டாமெண்டுதான் சொல்லப்போறாங்கள்” என்றாள்.

“வாயை வைக்காதை.”

பன்னிரண்டுக்கு ஆறு நிமிடம் இருக்க மின்னஞ்சல் வந்தது. ஒரே வரி. ‘உங்கள் காணொளி மீண்டும் சேர்க்கப்பட்டுள்ளது.’

பக்கத்தைத் திறந்தாள். கூடாரம், தரை, வரிசை. பிறகு றொய்சனின் முகம். “அக்கா, இதை நாலு பேருக்குக் காட்டு.” அதற்குள் இருநூறு பேர் பார்த்திருந்தார்கள். பிறகு இருநூற்றெண்பது. இரண்டு நாளில் முதல்முறையாக அவள் மூச்சு முழுசாக இறங்கியது.

குலசிங்கம் கண்ணைத் துடைத்தபடி செல்போனை எடுத்தார்.

“பேபி! வந்திட்டுது! ஆர்ப்பாட்டத்தில நிக்கிற அவ்வளவு பேருக்கும் சொல்லு. நீ நேற்றுச் சொல்லிக் குடுத்தியே, வீடியோவுக்குக் கீழ சின்னக் கொடி போட்டு ‘ரிப்போர்ட்’ எண்டு ஒரு பட்டன், அதை எல்லாரும் அமத்தோணும். நேற்று அறுநூறு பேர்தான் அமத்தினது, அதுதான் காணாமப் போட்டுது. இண்டைக்கு ஒராளும் விடாமல் அமத்தினாத்தான் உலகத்துக்கு ரிப்போர்ட் போகும்!”