கவசம் கேட்ட கரிக்காரன்

"மார்புக் கவசம் எங்கண்ணே?"

தெரோன் இதைக் கேட்பது மூன்றாவது தடவை. ஃபிலினோஸுக்குச் சுருக்கென்றது. தூரிகையைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு ஆளை ஏற இறங்கப் பார்த்தான்.

அகார்னைப் பக்கத்துக் கரிக்காரன். மலையில் மரம் சுட்டுக் கரி விற்கிறவன். நகக்கண் பத்திலும் கறுப்பு. அந்த விரலால், இன்னும் சூளைக்குப் போகாத மதுச்சாடியைத் தொடப் போனான்.

"தம்பி, கையை எடு. பூச்சு இன்னும் காயலை."

ஏதென்ஸ் குயவர் தெருவில் சண்டைப் படம் என்றால் ஃபிலினோஸ்தான். பத்து வருஷமாக ஈட்டியும் கேடயமுமாக வரைந்து தள்ளுகிறான். ஆனால் இந்தச் சாடி போல ஒன்று அவன் கைக்கே இதுவரை வந்ததில்லை. உள்ளதைச் சொல்ல என்ன வெட்கம், காலையிலிருந்து வேலையை விட்டுவிட்டு அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாடியில் நின்ற வீரனுக்குத் தலைக்கவசத்தில் குதிரைமயிர்க் குஞ்சம். இடக்கையில் வட்டக் கேடயம், வலக்கையில் ஈட்டி, முழங்காலுக்குக் கீழே வெண்கலக் காப்பு. நடுவில் ஒட்டுத்துணி இல்லாத உடம்பு. மார்பையும் விலாவையும் மயிரிழைக் கோடுகளாலேயே எழுப்பியிருந்தான். வீரனை அப்படி வரைவதுதான் வழக்கம். சண்டைக்கு எவனும் அப்படிப் போவதில்லை என்பது வேறு கதை.

"சண்டைக்குப் போற ஆளா எங்கப்பாவை வரையுங்கன்னுதானே சொன்னேன்" என்றான் தெரோன். "சண்டைன்னா கவசம் வேணும்னு தனியா சொல்லணுமா?"

இன்னும் பத்து நாளில் புது மது விழா. அன்றைக்கு ஆளுக்கொரு சாடியை முன்னால் வைத்துக்கொண்டு குடிப்பார்கள். அப்பா அர்கிப்போஸின் சாடியை ஊரே பார்க்கும், அதில் கவசம் இல்லாமல் அவர் நிற்கக் கூடாது என்பது தெரோனின் வாதம்.

ஃபிலினோஸுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வெண்கலக் கவசம் வைத்திருந்த குடும்பம் என்று ஊர் பேச வேண்டும். அவ்வளவுதானே. கரி சுட்டு நாலு காசு பார்த்ததும் வருகிற பவிசு.

"நீ கேக்குறது எப்படி இருக்கு தெரியுமா? நல்ல குதிரையை வாங்கிக் கோணியால மூடச் சொல்ற மாதிரி இருக்கு."

பட்டறையில் சிரிப்பு எழுந்தது. சக்கரத்தில் இருந்தவன்கூடச் சுற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தான். தெரோன் சிரிக்கவில்லை.

ஃபிலினோஸ் கொஞ்சம் இறங்கி வந்து விளக்கினான். கவசம் வரைவதென்றால் அந்த மார்பு முழுவதையும் கத்தியால் சுரண்ட வேண்டும். சுரண்டும்போது மண் பெயர்ந்தால் சாடியே போச்சு. நாளைக் காலையில் சூளை மூட்டுகிறார்கள். அதைத் தவறவிட்டால் அடுத்த சூளை விழாவுக்கு அப்புறம்தான். எல்லாம் எதற்கு, ஒரு தகட்டுக்காகவா?

"தகடு இல்லேன்னா இந்தச் சாடி எங்கப்பாவுக்கு வேண்டாம்ணே."

"வேண்டாம்னா விடு. இதை வாங்கறதுக்கு அகோராச் சந்தை முழுக்க ஆள் இருக்கு" என்றான் ஃபிலினோஸ். சொல்லிவிட்டானே ஒழிய மனசு கேட்கவில்லை. தன் கைவேலையை ஒருவன் வேண்டாம் என்றது அவனைச் சுட்டது.

வாசலில் கழுதையைப் பிடித்துக்கொண்டு நின்ற பெரியவருக்குப் பொறுமை போய்விட்டது போலிருக்கிறது. "என்னடா இவ்வளவு நேரம்" என்றபடி உள்ளே வந்தார். அர்கிப்போஸ்தான். நரைத்த தாடி, சிரித்த முகம். சாடியைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"அட, இது யாரு?"

"நீங்கதான்ப்பா."

பெரியவர் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். கேடயத்தின் விளிம்பு, ஈட்டியைப் பிடித்த விரல்கள், ஒன்றையும் விடவில்லை. வயிற்றைத் தட்டிக்கொண்டு, இந்த உடம்பெல்லாம் எங்கே போச்சுன்னு தெரியலையே என்று சிரித்தார்.

இதுதான் சமயம் என்று ஃபிலினோஸ் பிடித்துக்கொண்டான். "ஐயா, நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க. இந்த நெஞ்சு மேல ஒரு கவசத்தைப் போட்டு மூடணுமாம் உங்க பிள்ளைக்கு."

"எதுக்கு மூடணும்? அன்னைக்கு நான் இப்படித்தானே நின்னேன்" என்றார் பெரியவர். "இடுப்புல ஒரு துணி இருந்துச்சு. மத்தபடி அச்சு அசல்."

பட்டறை குலுங்கிச் சிரித்தது. பெரியவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, கழுதை எதையோ மேய்கிறது என்று வெளியே ஓடினார்.

ஃபிலினோஸுக்கு வாயெல்லாம் பல். வேடிக்கைக்குச் சொன்னாலும் பெரியவர் தன் பக்கம் சொன்னாரே, அது போதும். "கேட்டுக்கிட்டியா தம்பி? உங்கப்பாவே சொல்லிட்டார்."

"அவர் வேடிக்கைக்குச் சொல்லலைண்ணே." தெரோன் வாசலைப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான். "எங்க வீட்ல ஒரே ஒரு கவசம்தான் இருந்துச்சு. அதை எனக்கு மாட்டி, வாரை இழுத்துக் கட்டிவிட்டுட்டு, சண்டை வரிசையில என் பக்கத்துல அப்படித்தான் வெறும் நெஞ்சோட நின்னாரு. படத்துலயாவது அவருக்குப் போட்டுவிடுங்க."